காவேரியைப் பாடச் சொன்ன புத்தகக் கடை

தலைவரே, நீங்கள் கதை திருடினீர்கள்.

ஏற்காடு ஏரியைப் பார்த்தபடி ரிசார்ட் வைத்திருக்கிறீர்கள். கோடை இலக்கிய விழாக் குழுவுக்குத் தலைவராகவும் இருக்கிறீர்கள். நீங்கள் திருடியது கரடியூர் காவேரி எழுதிய கதைகளை. அவற்றை உங்கள் பெயரில் அச்சடித்து விற்றீர்கள். இந்த மே மாதம் இரண்டாம் பதிப்பு வருகிறது என்று பஜார் முழுக்க பேனர் கட்டியிருக்கிறீர்கள். அது போதாதென்று, விழா மலரில் செத்துப்போன என் பக்கத்துக் கடைக்காரரின் படத்தைப் போட்டு, 'எங்கள் விழாவின் உற்ற நண்பர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவரா உங்கள் நண்பர்?

நான் எழுத்தாளன் கிடையாது. காபித்தூள், மிளகு, தைலம் விற்கிறவன். "மறக்க முடியாத ஒருத்தரப் பத்தி எழுதுங்க பாய், கொஞ்சம் சிரிப்பா இருக்கட்டும்" என்று இந்தப் பத்திரிகை ஆசிரியர் இந்தப் பக்கத்தைக் கொடுத்தார். ஆள் சிரிப்பான ஆள்தான். கோபத்தை மட்டும் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

உலகத்தில் இதுவரை பிறந்தவர்களிலேயே மிக அதிகமாகச் சந்தேகப்பட்ட மனிதர் எங்கள் பஜாரில், என் கடைக்குப் பக்கத்தில்தான் புத்தகக் கடை வைத்திருந்தார். ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். ஊருக்கு அவர் 'எதுக்குங்க'. யார் என்ன சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அது. கடைக்கும் அதே பெயர்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி கேட்டால், "எதுக்குங்க கடைங்களா? நேராப் போயி இடது பக்கம்" என்று ஜீப் டிரைவர்கள் சொல்வார்கள்.

மூடுபனியைக்கூட அவர் நம்பியதில்லை. "லாட்ஜுக்காரனுங்க ஏற்பாடுங்க பாய் இது. சனிக்கிழமையானா மட்டும் எதுக்குங்க நொம்ப இறங்குது?" என்பார். சேலம் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கண்டக்டரிடம் கேட்பார். டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். பிறகு இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துக் கேட்பார். இதில் பஸ் தாமதமாகும். "பாத்தீங்களா, ரெண்டு பேருமே பொய் சொல்லியிருக்கானுங்க" என்பார்.

அவர் என்ன சாதி என்று கண்டுபிடிக்கப் பஜாரே பாடுபட்டது. பேச்சை வைத்துப் பார்த்தார்கள், சாப்பாட்டை வைத்துப் பார்த்தார்கள், கல்யாணப் பத்திரிகை ஏதாவது வருகிறதா என்று பார்த்தார்கள். நேராகக் கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

புத்தகம் வாங்க வருகிறவர்களை அவர் பார்க்கிற பார்வை, எஸ்டேட் வாட்ச்மேன் மிளகுக் கொடி பக்கம் நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை. ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஒரு தலித் எழுத்தாளரின் தன்வரலாற்றைக் கேட்டார்.

"எதுக்குங்க?"

"ஆராய்ச்சிக்குங்க. இதுல நொம்பக் கஷ்டப்பட்ட இடம் எந்தப் பக்கத்துல வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவரு ஜோக்கடிக்கற இடம் ஒண்ணு இருக்குதுங்க. நொம்ப நல்லா இருக்கும். மொதல்ல அதப் படிங்க. கஷ்டத்த அப்புறம் தர்றேன்."

பேராசிரியரைச் சாக்கின் மேல் உட்கார வைத்து, அந்த அத்தியாயத்தைப் படிக்க வைத்தார். அவர் முதலில் முறைத்துக்கொண்டுதான் படித்தார். கொஞ்ச நேரத்தில் என் கடை வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் புத்தகம் விலைக்குக் கிடைத்தது.

சாக்கு என்றேனே, அது என் கடைச் சாக்கு. அவர் கடையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அது புத்தகம் எழுதியவருக்கு. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எழுதாதவர்கள் சாக்கில்தான் உட்கார வேண்டும். நீங்கள் முதல் தடவை வந்தபோது அந்த நாற்காலியில் உட்காரப் போனீர்கள், தலைவரே. "எந்தப் புத்தகம் எழுதுனீங்க?" என்று கேட்டார். நீங்கள் சிரித்து மழுப்பிவிட்டு நின்றுகொண்டே பேசினீர்கள். வெள்ளை பேண்ட், சாக்கில் உட்கார மனசு வரவில்லை.

எழுத்தாளர்கள் கடைக்கு வந்து பேசும் கூட்டத்துக்கு இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். வெளியே காரில் டிரைவர் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் உள்ளே வந்தால்தான் கூட்டம் தொடங்கும். உழைக்கும் மக்களைப் பற்றிக் கனமான நாவல்கள் எழுதிய ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க, டிரைவர் சாப்பிட்டாருங்களா?"

"தெரியலையே."

"அவரு பேரு என்னுங்க?"

அதுவும் தெரியவில்லை. எதுக்குங்க வெளியே போய், மழையில் நின்ற காரிலிருந்து டிரைவரைக் கூட்டி வந்தார். மெஸ்ஸிலிருந்து அவருக்குச் சாப்பாடு வந்தது. சாப்பிட்டவர் சாக்கில் சாய்ந்து தூங்கிவிட்டார். குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை. எழுத்தாளர் குரலை உயர்த்தினார். "மெதுவாப் பேசுங்க, மலை ரோட்டுல ஓட்டிட்டு வந்தவரு" என்று எதுக்குங்க அதட்டினார். அன்றைக்கு உழைக்கும் மக்களைப் பற்றிய உரை முழுவதும் காதோடு காதாகத்தான் நடந்தது.

ஒரு சீசனில் ஒரு அம்மா வந்தார். நல்லவர்தான். "தலித் இலக்கியம், பழங்குடி இலக்கியம் எல்லாத்தையும் தனித்தனி ஷெல்ஃபா வச்சீங்கன்னா எங்களுக்கு வசதியா இருக்குமே" என்றார்.

"மத்தவங்களுக்கும் அப்புடி வெக்கட்டுங்களா?"

"தாராளமா வைங்க."

மறுநாள் காலையில் கடையைத் திறந்தால் சுவர் நெடுகப் பலகைகள். 'ஆதிக்க சாதி இலக்கியம்.' அதற்கு உட்பிரிவுகள் வேறு. 'ஆதிக்க சாதி இலக்கியம் – காதல்.' 'ஆதிக்க சாதி இலக்கியம் – சமையல்.' 'ஆதிக்க சாதி இலக்கியம் – பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்ஸ்.' கவிதை எழுதும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் தன் தொகுப்பு அங்கே இருப்பதைப் பார்த்துக் கொதித்துப் போனார்.

"என் கவிதையில சாதி எங்கய்யா இருக்குது?"

"தனியா வெச்சா வசதிங்களாமுங்க."

"யாருக்கு வசதி?"

"அதத்தானுங்க நானும் கேட்டுட்டு இருக்கறேன்."

இரண்டே நாளில் பலகைகள் இறங்கின. புத்தகங்கள் எல்லாம் பழையபடி அகர வரிசையில் கலந்தன. ஹெட்மாஸ்டருக்குப் பக்கத்தில், துப்புரவுப் பணியாளர் வீட்டில் பிறந்து வக்கீலான ஒரு பெண்ணின் புத்தகம். இரண்டு பேருக்கும் பெயர் 'ச'வில் தொடங்கியது. அவ்வளவுதான் காரணம்.

ரிசார்ட் சமையலறைகளிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசா, அசாம் பக்கத்துப் பையன்கள் நிறைய இருக்கிறார்கள். பஜாரில் அவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர், வடக்கன். எங்கே சைக்கிள் காணாமல் போனாலும் முதல் விசாரணை அவர்களிடம்தான். எதுக்குங்க அவர்களுக்காக ஒடியா, வங்காளிப் புத்தகங்களை வரவழைத்தார். அதில் ஒரு எழுத்துகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் புத்தகத்தின் மேலேயே சந்தேகம். இரண்டு பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். "ரெண்டு பேரும் ஒரே கதையைத்தான் சொல்றானுங்க பாய். புத்தகம் சரியாத்தான் இருக்கும்" என்று அலமாரியில் வைத்தார்.

வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார்.

"ஏனுங்க, வடக்கனுங்க உங்க கடையில கூடறானுங்களாமா? என்ன பண்றானுங்க?"

"படிக்கறாங்க."

"படிக்கறானுங்களா? எதுக்கு?"

எதுக்குங்க அவரை உற்றுப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்தப் பையன்களிடம் மட்டும் அவர் ஒருநாளும் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. அப்புறம் நானே விசாரித்தேன். "ஊரே கேக்குதுங்க பாய், எதுக்குடா வந்தீங்கன்னு. நானும் சேந்து கேக்கோணுங்களா?" என்றார்.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டூரிஸ்ட் என் கடையில் காபித்தூளை முகர்ந்து பார்த்து, நல்லா இருக்கு என்று தலையாட்டி, அரை கிலோ எடை போடச் சொன்னார். அண்ணாந்து பெயர்ப் பலகையில் என் பெயரைப் படித்தார். "வேண்டாம், அப்புறம் பாத்துக்கறேன்" என்று இறங்கிப் போய்விட்டார். எனக்கு இது பழக்கம். தூளை மறுபடி டப்பாவில் கொட்டினேன். எதுக்குங்க தன் கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். செருப்பைக்கூட மாட்டாமல் அந்த ஆளின் பின்னாலேயே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனார்.

"ஏனுங்க, எதுக்குங்க வாங்கல? தூளு நல்லா இல்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கு."

"வெலை சாஸ்திங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்குங்க?"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவரை ஜன்னல் வழியாகவும் கேட்டிருக்கிறார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்க, அந்த ஆள் இறங்கி வந்து தூள் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு ஆத்திரம். "அந்த ஆளு வாங்கித்தான் நான் பொழைக்கணுங்களா? உங்கள யாருங்ணா கேட்டது?" என்று கத்தினேன்.

"நீங்க கோவிச்சுக்காதீங்க பாய். உங்க தூளு எனக்கும் பிடிக்காது. ஆனா அதுக்குக் காரணம் தூளுதான்."

இப்படிப்பட்ட ஆள்தான் காவேரியிடம் அந்தக் காரியத்தைச் செய்தார்.

காவேரி கரடியூர்ப் பெண். எங்கள் மலையின் பூர்வகுடிகளான மலையாளிகளில் ஒருத்தி. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை என்பதை டூரிஸ்ட்டுகளுக்குச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு வாய் வலித்துவிட்டது. சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவுக்கு ஊருக்கு வரும்போதும் போகும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்து கதை எழுதியிருக்கிறாள். அதைச் சேலத்தில் ஒரு பிரஸ்ஸில் தானே அச்சடித்து, ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு எதுக்குங்க கடைக்கு வந்தாள். சுடிதார், தோளில் பை, கையில் ஸ்மார்ட்போன்.

அவர் ஏற்கனவே ஒருமுறை சூடு பட்டிருந்தார். ஒரு ரிட்டயர்டு அதிகாரி ஒரு மலையாளிப் பெண்ணின் பெயரைத் தனக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டு கண்ணீர் வடியும் புத்தகம் ஒன்றை எழுதினார். எதுக்குங்க அதை நம்பி முன் வரிசையில் வைத்து விற்றார். விஷயம் தெரிந்த நாளிலிருந்து, மலை என்ற வார்த்தை அட்டையில் இருந்தாலே புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்ப்பார்.

"சொல்லு கண்ணு" என்றார் காவேரியிடம்.

"என் புத்தகத்த உங்க கடையில வெக்கணுமுங்க."

"இதை எழுதுனது யாரு?"

"நாந்தாங்க. கரடியூருங்க."

"பாத்தா அப்புடித் தெரியலியே கண்ணு. யாராச்சும் எழுதி உம்பேர்ல போட்டிருக்காங்களா?"

"இல்லீங்க. நாந்தான் எழுதுனேன்."

"அப்புடீன்னா சேர்வராயன் கோயில் திருவிழாவுல உங்காளுங்க பாடுவாங்கல்ல, அதுல ஒரு பாட்டுப் பாடு, பாக்கலாம்."

நான் என் கடையில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"நான் நர்ஸுங்க" என்றாள் காவேரி. "ஊசி போட்டுக் காட்டட்டுங்களா?"

அதோடு அவள் விடவில்லை. "போன வாரம் நான் பஸ்ஸுக்கு நிக்கறப்ப பாத்தேன். தாடிக்காரரு ஒருத்தரு வந்தாரு. அவருக்கும் என் வயசுதான் இருக்கும். அவர சார்னீங்க, நாற்காலியில உக்கார வெச்சீங்க. நான் மட்டும் எதுக்குங்க 'கண்ணு'? என்னைய மட்டும் எதுக்குங்க நிக்க வெச்சுப் பாடச் சொல்றீங்க?"

அவருடைய வார்த்தையாலேயே அவரை அடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் பாய்ந்து போனேன். "என்ன காரியம் பண்ணுனீங்ணா?"

"உண்மையான ஆளான்னு பாக்கத்தாங்க பாய்…"

"நான் உண்மையான பாயான்னு பாக்க என்னைய ஓதிக் காட்டச் சொன்னீங்களா?"

அவர் கடையை அப்போதே சாத்தினார். பிறகு சில நாள் அவர் நடந்துகொண்டதைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. வந்தவர்களிடம் எதுவுமே கேட்காமல் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்தார். வாங்கியவர்கள் ஏமாற்றத்தோடு போனார்கள். சிலர் அவர் கேட்பார் என்று நின்று பார்த்துவிட்டுத் தாங்களாகவே, "வீட்டம்மாவுக்குங்க" என்று காரணம் சொன்னார்கள். அவர் இப்போது தன்னைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை கடை வாசலில் கரும்பலகை வந்தது. இப்படி எழுதியிருந்தார்: 'இந்தக் கடைக்காரன் காவேரி என்ற எழுத்தாளரை, அவர் எழுத்தாளர்தானா என்று பார்க்கப் பாடச் சொன்னான். வேறு எந்த எழுத்தாளரையும் இதுவரை பாடச் சொன்னதில்லை. கேவலமான புத்தி. மன்னிப்புக் கேட்கிறான்.' டூரிஸ்ட்டுகள் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். "ஒரு வார்த்தை நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துரலாமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க ஊட்டுக்குப் போனா, பெரிய மனுசன் ஊடு தேடி வந்துட்டாருன்னு எனக்குத்தாங்க பேரு. பஜார்ல அவமானப்படுத்துனேன். பஜார்லதான் சொல்லோணும்."

இதோடு விட்டிருந்தால் அவர் எதுக்குங்க இல்லையே. ஒருவரிடம் கேட்டதை எல்லாரிடமும் கேட்டால்தான் நியாயம் என்று முடிவு செய்தார். அந்த சீசனில் புத்தகத்தோடு வந்த எல்லா எழுத்தாளர்களும் தங்கள் சாதிப் பாட்டு ஒன்றைப் பாடினால்தான் புத்தகம் கடையில் ஏறும்.

தாடிக்காரர் மறுபடி வந்து மாட்டினார். "நான் சாதி பாக்கறதில்ல சார்."

"பாக்கச் சொல்லலீங்க. பாடச் சொன்னேன்."

"எனக்கு அந்த மாதிரிப் பாட்டு எதுவும் தெரியாதே."

"அப்ப இந்த நாவல நீங்கதான் எழுதுனீங்கன்னு நான் எப்புடீங்க நம்பறது?"

தாடிக்காரர் வியர்த்துப்போய்ப் பள்ளிக்கூடத்துக் காலை வணக்கப் பாட்டைப் பாடினார். பழக்க தோஷத்தில் கடையிலிருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு நாட்டு வைத்தியப் புத்தகக்காரர் ஒப்பாரி வைத்தார். ஹெட்மாஸ்டர் தன் கவிதையையே ராகம் போட்டுப் பாடி, நிறுத்த மறுத்துவிட்டார். நீங்களும் வந்தீர்கள், தலைவரே, ரிசார்ட் விளம்பரப் புத்தகத்தைக் கடையில் வைக்கச் சொல்லி. உங்களையும் பாடச் சொன்னார். "என்னைய யாருன்னு நெனச்சீங்க?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனீர்கள். அதே கேள்வியைத்தான் காவேரியும் கேட்டிருக்க வேண்டும். அவளுக்கு ஏறிப் போகக் கார் இல்லை. பஸ் வரும் வரைக்கும் நின்றாள்.

இந்தக் கூத்தெல்லாம் ஜீப் டிரைவர்கள் மூலமாகக் கரடியூருக்குப் போய்ச் சேர்ந்தது. காவேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கரும்பலகையை முழுக்கப் படித்தாள். உள்ளே போனாள்.

"உக்காருங்க மேடம்" என்று எதுக்குங்க நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மேடமெல்லாம் வேண்டாங்க. காவேரின்னே சொல்லுங்க. நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. புத்தகம் விக்கணும், அதான் வந்தேன்."

"செரிங்க."

"எங்க வெப்பீங்க?"

"'க' வரிசையிலங்க. ஹெட்மாஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால."

"தேன் பாட்டில் பக்கத்துல வெச்சறாதீங்க. டவுனுக் கடையில கேட்டேன். தேனும் மூங்கில் கூடையும் வெக்கற எடத்துலதான் வெப்பாங்களாமா."

"நம்ம கடையில தேன் இல்லீங்க."

அந்தக் கடையில் நடந்த கூட்டங்களிலேயே பெரிய கூட்டம் காவேரியின் கூட்டம்தான். கரடியூரிலிருந்து ஜீப் நிறைய ஆட்கள் வந்தார்கள். என் கடைச் சாக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் கதைகளில் யாரும் கொம்பு ஊதி நடனமாட மாட்டார்கள். ஒரு கதையில், ஏரிக்கரை லாட்ஜில் அறை துடைக்கிற ஒருத்தி வேலையை முடித்துவிட்டு ஓனருடைய மெத்தையில் ஏறிப் படுத்து நன்றாகத் தூங்கிவிடுவாள். எழுந்ததும், இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே என்று தலையணையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். கதை முடிந்தது. கரடியூர்க்காரர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அழுவதற்குத் தயாராக வந்திருந்த டூரிஸ்ட்டுகள் கைக்குட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார்கள்.

நீங்களும் அந்தக் கூட்டத்தில் நின்றீர்கள். கடைசியில் ஒரு புத்தகம் வாங்கினீர்கள்.

"எதுக்குங்க?" என்றார் எதுக்குங்க.

"பாராட்டத்தான்" என்றீர்கள். நீங்கள் காரில் ஏறும் வரைக்கும் அவர் உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷ விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. மற்ற எழுத்தாளர்கள் எல்லாரும் 'உரை' என்ற தலைப்பின் கீழ். காவேரி 'கலை நிகழ்ச்சி'யில். நாங்கள் மூன்று பேரும் உங்கள் ரிசார்ட்டுக்கு வந்தோம். மறக்கவில்லையே?

"டிரெஸ்ஸெல்லாம் நாங்களே ஏற்பாடு பண்ணிர்றோம்மா. மணி, பாசியெல்லாம் வாங்கிட்டோம். டூரிஸ்ட்டுங்களுக்குப் பிடிக்கும்" என்றீர்கள்.

"மத்த எழுத்தாளருங்களுக்கும் டிரெஸ் எடுத்திருக்கீங்களா?" என்று காவேரி கேட்டாள்.

"இது உனக்கு நாங்க குடுக்கற வாய்ப்பும்மா."

"எனக்கு டூட்டி இருக்குதுங்க" என்று எழுந்துவிட்டாள்.

அவள் வரவில்லை. அவள் கதைகள் மட்டும் விழாவுக்கு வந்துவிட்டன. உங்கள் புத்தகம் விழாவில் வெளியானது. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன், உங்களுக்கு இலவச விளம்பரம் ஆகிவிடும். அட்டையில் உங்கள் பெயர். உள்ளே காவேரியின் கதைகள். நன்றியுரையில், 'மலைவாழ் சகோதரிகளுக்கு' என்று ஒரு வரி. மலையில் செவிவழியாக வழங்கிவரும் கதைகளை நீங்கள் அலைந்து திரிந்து சேகரித்ததாக முன்னுரை வேறு. லாட்ஜ் கதையும் அதில் இருக்கிறது. ஆனால் உங்கள் புத்தகத்தில் அந்தப் பெண் மெத்தையிலிருந்து எழுந்து தேம்பி அழுகிறாள். ஓனர் மன்னிக்கிறார். போகும்போது ஒரு புடவையும் கொடுத்து அனுப்புகிறார். லாட்ஜ் ஓனர்கள் அப்படிப் புடவை கொடுத்து நான் பார்த்ததில்லை. நானும் இதே பஜாரில்தான் இருக்கிறேன்.

எதுக்குங்க விழாப் பந்தல் வாசலில் நின்றார். ஒரு கையில் காவேரியின் புத்தகம், மறு கையில் உங்கள் புத்தகம். வருகிற போகிற எல்லாரையும் நிறுத்தினார். "ஏனுங்க, ஒரே கதை எதுக்குங்க ரெண்டு புத்தகத்துல இருக்குது? நீங்களே படிச்சுப் பாத்துச் சொல்லுங்க." சிலர் படித்துப் பார்த்தார்கள். செக்யூரிட்டி வந்து கையைப் பிடித்தபோது, "நீங்களும் படிச்சுப் பாருங்க சாமி" என்று அவரிடமும் நீட்டினார். வெளியே தள்ளினார்கள். மறுநாளும் வந்து நின்றார். விழா முடிகிற வரைக்கும் வந்தார்.

போன மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. சேலத்தில் காவேரி வேலை செய்கிற ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. இந்த மாத்திரை எதுக்குங்க, அந்த ட்ரிப்ஸ் எதுக்குங்க என்று டாக்டர்களை ஓட ஓட விரட்டினார். நான் பார்க்கப் போனபோது காவேரி ஊசியோடு பக்கத்தில் நின்றாள்.

"இது எதுக்குங்க காவேரி?"

"நான் உண்மையான நர்ஸுதாங்க. நம்பிக்கை இல்லீன்னா ஒரு பாட்டுப் பாடட்டுங்களா?"

இருமலோடு சேர்ந்து சிரித்தார். ஊசிக்குக் கையை நீட்டினார். எனக்குத் தெரிந்து அவர் காரணம் தெரிந்துகொள்ளாமல் கை நீட்டியது அந்த ஒரு தடவைதான். ஊசி போட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்டார். "அந்தத் தலைவரு புத்தகத்து அட்டையில உங்க பேரு வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"விட்றாதீங்க."

அந்த வாரமே போய்விட்டார்.

காவேரியின் புத்தகம் இப்போது என் கடையில் கிடைக்கிறது. இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன். "எழுதுங்க பாய். என்னைய அழ வெச்சு மட்டும் எழுதீறாதீங்க. நான் அழுவல. எனக்கு அவங்க நன்றியும் வேண்டாம், வாய்ப்பும் வேண்டாம். நான் எழுதுனதுக்கு என் பேரு வேணும். தலையணைய எடுத்துட்டுப் போறவ, எடுத்துட்டுத்தான் போவோணும்."

ஆகவே தலைவரே, இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறதற்கு முன்னால் சொல்லுங்கள். அந்தக் கதைகளை எழுதியது யார்? அட்டையில் யார் பெயர் வரும்? ரிசார்ட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்து என்னிடம் ரகசியமாகச் சொல்ல வேண்டாம். காவேரியின் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். அந்த மனுஷன் தன் தப்பைப் பஜாரில் பலகை வைத்துச் சொன்னார். நீங்கள் இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டு, எல்லாரும் படிக்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். பக்கத்துக் கடை பூட்டிக் கிடக்கிறது. தனியாகச் சண்டை போட்டு எனக்குப் பழக்கமில்லை.